டாங்கியின் முதுகில் ஒரு நீலக் கதவு

"அந்தக் கதவை மட்டும் கழட்டிடுங்க சார். ஃபர்ஸ்ட் ப்ரைஸ் உங்களுக்குத்தான்" என்றான் பாரத்.

லோறன்ஸ் கழற்றவில்லை. ரிமோட்டில் ஓடும் தன் பொம்மை டாங்கியின் முதுகில், நூல் கயிற்றால் கட்டியிருந்த உள்ளங்கை நீளக் கதவை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில், நிஜ வாகனங்களைச் சின்னதாகச் செய்து ஓட்டும் மாதிரி வாகனக் கழகமொன்றின் ஆண்டுப் போட்டி அது. 2006 இலையுதிர் காலம். கோடையில் கால்பந்து உலகக் கிண்ணத்துக்குக் கட்டிய கொடிகளை மண்டபத்திலிருந்து இன்னும் யாரும் இறக்கவில்லை.

முதற்பரிசு பெறும் வாகனம் நகர நூலக வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வருடம் இருக்கும். பேக்கரியில் மாவு பிசையும் யாழ்ப்பாணத்து லோறன்ஸுக்கு அந்தப் பெட்டிதான் வேண்டும். கதவில்லாமல் வைப்பதென்றால் அதுவும் வேண்டாம்.

கழகத்தின் சட்டம் கடுமையானது. டாங்கியில் கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு சாமானுக்கும் 'நாக்வைஸ்', அதாவது ஆதாரம், காட்டியாக வேண்டும். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், எந்தப் படம் என்று படிவத்தில் எழுதவேண்டும். இந்த நாட்டில் பொம்மை வாளிக்கும் ஒரு படிவம் உண்டு.

பாரத் ஆஹென் பல்கலைக்கழகத்தில் வாகனப் பொறியியல் ஆராய்ச்சி செய்யும் தமிழ்நாட்டுக்காரன். சோவியத் டாங்கிகளைக் கரைத்துக் குடித்தவன் என்று மூன்றாவது நடுவராக அழைத்திருந்தார்கள். மற்ற இரண்டு ஜெர்மன் நடுவர்களும் தீர்ப்பை அவன் தலையில் கட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார்கள்.

அவன் படிவத்தை வாசித்தான். "இழுவை வடம், பக்கம் நாப்பத்தொண்ணு. எண்ணெய் பேரல், பக்கம் அறுபத்து மூணு. சேத்துல மாட்டினா ட்ராக்குக்கு அடியில போடுற மரக்கட்டை, அதுக்கும் போட்டோ இருக்கு. சூப்பர். ஆனா கதவுன்னு எழுதி எதிர்ல காலியா விட்டிருக்கீங்களே?"

"அதுக்குப் படம் இல்லை."

"அப்புறம் ஏன் சார் வெச்சீங்க?"

"ஊரிலை றோட்டாலை போன டாங்கியிலை அது கிடந்தது. நான் கண்டனான்."

பக்கத்தில் நின்ற மனைவி டொறத்திக்குப் பொறுக்கவில்லை. "இஞ்சருங்கோ, தம்பி சொல்லுறதைக் கேளுங்கோவன். நாலு வருசமாய்க் குசினி மேசையிலை உந்தச் சாமானோடை மாரடிச்சனான். ஒரு கதவாலை எல்லாம் பாழாப் போகப்போகுது."

"சரி, ஓட்டத்தைப் பாத்துடலாம் சார்" என்றான் பாரத்.

லோறன்ஸ் சாவிக்கொத்தை எடுத்தார். வீட்டுச் சாவி, நிலவறைச் சாவி, தபால்பெட்டிச் சாவி. அவற்றோடு விரல் நீளத்துக்கு ஒரு பழைய இரும்புச் சாவி. அதன் முனையால் பேட்டரி மூடியை நெம்பித் திறந்தார்.

"உந்தத் திறப்பை எறியுங்கோ எண்டால் கேக்கிறாரில்லை, தம்பி. எத்தினை காற்சட்டைப் பொக்கற்றைக் கிழிச்சுப்போட்டுது" என்று டொறத்தி முறையிட்டாள். "கலியாணம் கட்டிப் பன்னிரண்டு வருசம். எதின்ர திறப்பெண்டு கேட்டால் வாயே திறக்கமாட்டார்."

புது பேட்டரியோடு டாங்கி உறுமிக்கொண்டு மணல் தட்டில் ஏறியது. வேடிக்கை பார்த்தவர்கள் எல்லோரும் பீரங்கிக் குழாய்க்கு முன்னால் போய் நின்றார்கள். லோறன்ஸ் பின்னால் நின்று, ஆடிக்கொண்டு போகும் கதவை மட்டும் பார்த்தார். முகத்தில் பெருமையும் இல்லை, ஒன்றும் இல்லை.

டாங்கி நின்றதும் பாரத் குனிந்து பூதக்கண்ணாடியைக் கதவுக்கு நேரே பிடித்தான். நீலப் பெயின்ட் உரிந்த இடத்தில் அடியில் பச்சை தெரிந்தது. மேலே சின்னதாய் ஒரு சிலுவை செதுக்கியிருந்தது. சாவித் துவாரத்தைச் சுற்றி, இருட்டில் தடவித் தடவித் திறந்தவர்கள் போட்ட கீறல்கள்கூட இருந்தன.

"செம வொர்க் சார். ரோட்டுல போன டாங்கில ஒரு கதவை நீங்க பாத்திருக்கலாம், ஒத்துக்கறேன். ஆனா நீலத்துக்கு அடியில பச்சை, சாவி ஓட்டையைச் சுத்திக் கீறல், இதெல்லாம் ஓடுற டாங்கில யார் கண்ணுக்கு சார் தெரியும்? இது உங்க கற்பனைதானே?"

"கற்பனை இல்லை."

"அப்போ நான் இங்க என்னன்னு எழுதறது? ஏதாவது ஒரு ஆதாரம் குடுங்க சார்." காலியான கட்டத்துக்கு மேல் பாரத்தின் பேனா நின்றது. இத்தனை நுணுக்கமாக வேலை செய்தவரை வெளியேற்ற அவனுக்கும் மனம் வரவில்லை.

லோறன்ஸ் மறுபடி சாவிக்கொத்தை எடுத்தார். வளையம் இறுகிப்போயிருந்தது. நகத்தால் விரித்து அந்த இரும்புச் சாவியை மட்டும் கழற்றி, டாங்கிக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தார். பஸ்ஸில் டிக்கெட்டை எடுத்துக் காட்டுகிறவரின் முகம்தான் அப்போதும்.

பாரத் சாவியைப் பார்த்தான். பிறகு குட்டிக் கதவின் துவாரத்தைப் பார்த்தான்.

"வீட்டை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு அந்தக் கதவைப் பூட்டினது நான்தான், தம்பி."