பலகையில் இருந்த பெயர்கள்

டெக்சாஸின் மதிய வெயில் அணி அலுவலகத்தின் கண்ணாடிச் சுவர் வழியாக வந்து வெள்ளைப் பலகை மேல் விழுகிறது. அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் அடுத்த வாரத்து டிராஃப்டில், பிரேஸோஸ் ஹாக்ஸ் என்ற அமெரிக்க ஃபுட்பால் அணி எடுக்கக்கூடிய கல்லூரி ஆட்டக்காரர்களின் பெயர்கள் அதில் காந்தப் பட்டைகளாக ஒட்டியிருக்கின்றன. சண்முகப்ரியா அணிக்காக இரண்டு வருடம் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து வரிசைப்படுத்திய பெயர்கள். முதல் சுற்றிலேயே எடுக்க வேண்டியவர்கள் என்று மேலே இருப்பவற்றை மேனேஜர் ஒவ்வொன்றாக எடுத்து அட்டைப்பெட்டியில் போடுகிறார். டக், டக் என்று விழுகின்றன. அவளோடு வேலை பார்க்கும் ரஞ்சித்குமார் குரலைத் தாழ்த்துகிறான்.

“நம்ம ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக் எல்லாத்தையும் வேற டீமுக்கு ட்ரேட் பண்ணிட்டாங்க ப்ரியா. முப்பத்தாறு வயசு குவார்ட்டர்பேக், ஒரே ஒரு ஆட்டக்காரருக்காக.”

“இந்த வருஷத்துதா?”

“மூணு வருஷத்துதும்.”

அவள் வாய் திறந்தபடியே நிற்கிறது. கையிலிருந்த கோப்பை சாய்ந்து காபி ஷூவின் மேல் சொட்டுவதுகூடத் தெரியவில்லை. பலகையின் மேல்வரிசையில் வெறும் வெள்ளை பளீரென்று அடிக்கிறது. ஒரே ஒரு பெயர் மிச்சம். போன சனிக்கிழமை அந்தப் பெயருக்குரிய பையன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, “உங்க பையனை நாங்க வளர்த்தெடுப்போம்” என்று அவன் அம்மாவிடம் சொன்னவள் அவள்தான். மேனேஜர் திரும்பிப் பார்க்கிறார். “கையை எடு, ப்ரியா” என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்கிறார். அப்போதுதான் தன் உள்ளங்கை அந்தப் பெயரை மூடியிருப்பதை அவள் பார்க்கிறாள். எடுக்கவில்லை.