ஆள் இருக்கும் வீடு

பூஞ்சணத்தை நான் நம்பினேன். மற்ற எதையும் நம்பவில்லை.

நீர்வேலியில் கஜானன் கட்டிய வீடு. அவர் கனடாவில் இருக்கிறார். அன்று தனுசியாவின் கையிலிருந்த போனுக்குள் இருந்தார். தனுசியா அந்த வீட்டைப் பார்த்துக்கொள்பவள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் திறந்து, கூட்டி, சாமியறையில் விளக்கு வைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போவாள் என்று, நான் ஏற்கனவே விசாரித்தபோது அயலில் எல்லாரும் மனப்பாடம் செய்தது போல ஒரே மாதிரிச் சொன்னார்கள்.

நான் காப்புறுதிக் கொம்பனியின் ஆள்; வீட்டில் பூஞ்சணம் பிடித்ததற்குக் கஜானன் கேட்ட இழப்பீட்டைச் சரிபார்க்க வந்திருந்தேன். கொழும்பில் ஒரு பூஞ்சண வழக்கில் தோற்ற பிறகு கொம்பனி புதிதாக ஒரு நிபந்தனை போட்டிருக்கிறது. அறுபது நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்த வீட்டுக்கு இழப்பீடு இல்லை.

அன்று தொட்டு யாழ்ப்பாணத்தில் ஆளில்லாத வீடே கிடையாது. போகிற இடமெல்லாம் கொடியில் உடுப்புக் காய்கிறது.

இங்கும் காய்ந்தது. குசினியில் பருப்புக் கறி. குளியலறையில் பல் விளக்கும் பிரஷ் இரண்டு. எனக்குச் சிரிப்பு வந்தது.

"தனுசியாவும் மகளும் போன வருசம் தொடக்கம் உள்ளுக்கைதான் இருக்கினம், ஐயா," என்றார் கஜானன். "அப்பிடித்தானே, தனுசியா?"

"ஓம் அண்ணை," என்றாள். குரல் நடுங்கியது. பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய அறையில் சுவர், அலுமாரி, மெத்தை எல்லாம் கறுத்துப் போயிருந்தன. மற்ற அறைகளில் ஒரு புள்ளிகூட இல்லை. அதுதான் உறுத்தியது. கார்த்திகை மழை எல்லா அறைக்கும் சேர்த்துத்தானே பெய்தது?

"இந்த யன்னலை மட்டும் ஏன் திறக்கேல்லை?"

"அது அண்ணையின்ரை அறை, சேர். நாங்கள் உதுக்குள்ளை போறேல்லை."

போனுக்குள் கஜானன் திருப்தியாகச் செருமினார்.

குசினியைப் படம் எடுக்கப் போனேன். நான் எடுக்கும் ஒவ்வொரு படமும் வீட்டுக்காரருக்கும் போகும். தனுசியா சட்டென்று கதவு நிலையை மறைத்துக்கொண்டு நின்றாள். அகப்பட்டாள் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோசம்.

தள்ளி நிற்கச் சொன்னேன். போனை நெஞ்சோடு அணைத்து மூடிக்கொண்டு தள்ளி நின்றாள்.

நிலையில் பென்சில் கோடுகள். வளர்கிற பிள்ளையின் உயரம், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் திகதி. முதல் கோடு என் இடுப்புக்குக் கீழே. கடைசிக் கோடு என் நெஞ்சளவு. இடையில் ஐந்து வருடங்கள்.

அந்தப் படம் ஒன்றே கொம்பனிக்குப் போதும். கஜானனுக்கும் போதும், அவளையும் பிள்ளையையும் வெளியே அனுப்ப.

அவள் கண்ணால் கெஞ்சினாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

படம் எடுக்கவில்லை. ஆள் இருப்பதை நேரில் கண்டேன் என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வாசலில் சப்பாத்துப் போடக் குனிந்தபோது, நான் போய்விட்டேன் என்று நினைத்து கஜானன் பேசுவது கேட்டது.

"கெட்டிக்காரி, நல்லாய் நடிச்சாய். இனி உன்ரை சாமானையெல்லாம் அள்ளிக்கொண்டு போய், வீட்டைப் பூட்டு."

"ஓம் அண்ணை, இப்பவே பூட்டுறன்," என்றாள் தனுசியா.

போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய், பள்ளிக்கூடத்தால் வரப்போகும் மகளுக்குச் சோறு வடிக்கத் தொடங்கினாள்.