மேல்கிளை முந்திய நாள்

மழைக்கு முன்னால் ராணிக்குப் புதுக்கூடு கட்டியாக வேண்டும். மாமரத்தின் மேல்கிளையில் வேலையை வடிவு என்ற செவ்வெறும்பும், கீழ்க்கிளையில் சிவந்தியும் நடத்தின. யார் நன்றாக வேலை வாங்குகிறாரோ அவருக்கே மரம் முழுவதற்கும் மேற்பார்வை என்று ராணி சொல்லியிருந்தது. இலைகளைத் தைத்த நீளத்தை, சாண் போட்டு நடக்கும் பச்சைப்புழு மாலைதோறும் அளந்து சொல்லும். தினமும் சிவந்தியின் கிளையே முந்தியது.

வடிவுக்கு வயிறு எரிந்தது. “நான் தொண்டை கிழியக் கத்துகிறேன். அவள் வாயே திறப்பதில்லை. இதில் ஏதோ சூது இருக்கிறது” என்று பொருமியது. மறுநாள் விடிந்ததும் தன் கிளையை அப்படியே விட்டுவிட்டுக் கீழே இறங்கி, ஒரு சருகுக்குள் பதுங்கிக்கொண்டு சிவந்தியையே பார்த்திருந்தது. சிவந்தி மற்றவர்களோடு சேர்ந்து இலையை இழுத்தது, களைத்தவர்களை உட்காரச் சொன்னது. சூது எதுவும் அகப்படவில்லை.

மாலையில் பச்சைப்புழு கூவியது: “வடிவு, இன்று உன் கிளைதான் முதல்! இவ்வளவு நீளம் யாரும் தைத்ததில்லை.”

வடிவு மேலே ஓடியது. “எப்படி முடிந்தது?”

எறும்புகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒன்று மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னது: “இன்று நீங்கள் இல்லையே, அக்கா.”

அதற்குள் சிவந்தி மூச்சிரைக்க ஏறி வந்தது. “அக்கா, என்ன செய்தீர்கள்? எனக்கும் சொல்லிக்கொடுங்களேன்!”

முதலில் வந்த தன் கிளையைப் பார்க்கப் பார்க்க, அந்தக் கிளைமீதே வடிவுக்குப் பொறாமையாக இருந்தது.