பூனைக்குப் புது விதி

“திருட்டுத்தனம் எல்லாம் இனிமே இங்க செல்லாது” என்று மனைவி சொன்னதும் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த டீ சட்டையில் சிந்தியது.

“உங்க பூனையைத்தாங்க சொல்றேன்” என்றாள் அவள். “புது விதியில திருடன்னு ஒரு வகையே கிடையாது. ஆளை மாத்தி அமைக்கணும்.”

பூனை என்பது விளையாட்டில் அவன் பாத்திரத்தின் பட்டப்பெயர். கோட்டையும் காடும் அரக்கர்களுமாக, கல்யாணமான புதிதில் மனைவி கற்பனையிலேயே கட்டி எழுப்பிய ராஜ்ஜியம் அது. ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்து அவள் கதையை நடத்துவாள். அவனும் அவளுடைய அண்ணனும் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டுவார்கள்.

இன்று பகடையை டப்பாவில் போட்டு மூடிவிட்டாள். ராஜ்ஜியம் அதேதான், விதிகள் மட்டும் வேறு புத்தகத்துக்கு மாறுகின்றன. பழைய புத்தகத்தில் பூனைக்கு ஒளிந்துகொள்ள ஒன்பது மதிப்பெண், பொய் சொல்ல எட்டு. புதியதில் எண்ணே கிடையாதாம். கேள்விகளுக்குப் பதில் சொல்லித்தான் ஆளை உருவாக்க வேண்டுமாம்.

மச்சான் தொழிலில் பல் டாக்டர், விளையாட்டில் மந்திரவாதி. அவர் முறை சிரிப்பும் கும்மாளமுமாக முடிந்தது. “மந்திரவாதி எதைக் கண்டு பயப்படுவான்?” என்று அவள் வரியில் விரல் வைத்து வாசிக்க, “தங்கச்சியைக் கண்டு” என்றார்.

அடுத்தது அவன்.

“பூனை காலையில எந்திரிச்சு எங்க போவான்?”

அவன் வேலை பார்த்த கிடங்கைப் போன மாதமே இழுத்து மூடிவிட்டார்கள். வீட்டில் அவன் மூச்சு விடவில்லை. அவள் கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டோடு கிளம்பி ஏரிக்கரைப் பூங்காவில் பொழுதைப் போக்கிவிட்டு, சாயங்காலம் உழைத்துக் களைத்தவன் மாதிரி திரும்பிக்கொண்டிருந்தான். வேறு வேலை கிடைத்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தான். அதற்குள் அவளுக்குத் தெரிந்தால் மதிப்பே போய்விடும். அதுவும் மச்சானை வைத்துக்கொண்டு தெரிந்தால் கேட்கவே வேண்டாம்.

“சந்தைக்குப் போவான்.”

“சந்தையைத்தான் போன வாரம் அரக்கன் கொளுத்திட்டானே. மறந்துட்டீங்களா?”

“அப்ப... ஆத்தங்கரையில உக்காந்திருப்பான்.” சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“நாள் முழுக்கவா?”

“ஆமா.”

“மழை பெஞ்சா?”

“மரத்தடியில ஒதுங்குவான்.”

“சளி பிடிச்சுக்காதா?”

அடைத்திருந்த மூக்கை உறிஞ்சக்கூட அவனுக்குப் பயமாக இருந்தது. இந்தப் புத்தகத்தை எழுதிய புண்ணியவான் மட்டும் எதிரில் வந்தால் நாலு வார்த்தை நன்றாகக் கேட்டிருப்பான். மின்விசிறிக் காற்றில் அதன் பக்கங்கள் தம் பாட்டுக்குப் புரண்டுகொண்டிருந்தன. அவள் பிடித்து நிறுத்தவில்லை.

“பூனைக்கு வீட்ல யார் இருக்கா?”

“திருடனுக்கு ஏதும்மா வீடு?” என்றார் மச்சான்.

“நீ சும்மா இருண்ணா. அவர் சொல்லட்டும்.”

“பெண்டாட்டி இருக்கா” என்றான் அவன்.

“சந்தை எரிஞ்சு போச்சுன்னு அவகிட்ட சொன்னானா?”

“இல்ல.”

“ஏன்?”

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தான். போனால் சந்தேகம் வரும். பேசுவது பூனைதானே, பேசிவிட்டுப் போகட்டும் என்று திடீரென்று ஒரு துணிச்சல் பிறந்தது.

“வெறுங்கையோட போய் நின்னா அவ கண்ணுக்குச் சின்ன ஆளாத் தெரிவோம்னு பயம்.”

“அவ அப்படிப்பட்டவளா?”

“இல்ல. இவன்தான் பயந்தாங்கொள்ளி.”

“பிச்சு உதர்றீங்க மாப்ளே” என்று மச்சான் மேஜையைத் தட்டினார். “நடிப்புன்னா இதுதான் நடிப்பு. நம்ம மந்திரவாதியெல்லாம் பக்கத்துல நிக்க முடியாது.”

அவள் சிரிக்கவில்லை. “கடைசிக் கேள்வி. அவகிட்ட பூனை எப்பச் சொல்லப் போறான்?”

“சீக்கிரமா.”

“சீக்கிரம்னா?”

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வரைபடத்தில் கரிந்து கிடந்த சந்தையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னிக்கே சொல்லிடுவான்.”

“சரி” என்றாள். “இருங்க, சூடா இன்னொரு டீ போட்டுக்கிட்டு வரேன்.”

அவள் சமையலறைக்குள் போனதும் அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. விளையாட்டோடு விளையாட்டாகத் தப்பித்தாயிற்று. இன்று சொல்வதாகச் சொன்னது பூனைதானே தவிர, அவன் இல்லை. மூக்கை ஆசை தீர உறிஞ்சிக்கொண்டான்.

மச்சானுக்குத்தான் மனத்தாங்கல். “எனக்கு மட்டும் சப்புன்னு நாலு கேள்வி. உங்களுக்கு எப்படிக் கேட்டா பாருங்க” என்று முனகியபடி புத்தகத்தை இழுத்து வைத்துக்கொண்டார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

“என்ன மாப்ளே, அவ உங்ககிட்ட கேட்டது ஒண்ணுகூட இதுல இல்லையே.”