மேனேஜரின் வயிற்றெரிச்சல்

திருத்தங்கல் பட்டாசுக் கம்பெனியில் பதினைந்து வருடமாக மேனேஜராக இருக்கும் பிரபாகரனுக்கு வயிறு எரிந்தது. ஆர்டர், ஸ்டாக், லாரி லோடு என்று அத்தனையையும் செல்போனுக்குள் கொண்டுவரும் டிஜிட்டல் திட்டத்தை, வேலைக்குச் சேர்ந்து ஆறே மாதமான பானுப்பிரியாவிடம் முதலாளி ஒப்படைத்திருந்தார்.

அன்று அவள் திட்டத்தை விளக்கி முடித்ததும் முதலாளி கைதட்டினார்.

"இனிமே பானு சொல்றதுதான் கம்பெனியில நடக்கும். மேனேஜரே, நீங்களும் அவுககிட்ட கேட்டுத்தான் லோடு அனுப்பணும்!"

பிரபாகரன் தலையாட்டினான். பட்டாசு மருந்தின் வாடையே அறியாதவள் தனக்கு உத்தரவு போடுவதா என்று உள்ளுக்குள் குமுறினான்.

சாயங்காலம் அவளைப் பார்க்காதது போல் பைக்கைக் கிளப்பினான். பானுப்பிரியா ஓடிவந்து பின்னால் ஏறிக்கொண்டாள்.

"நீங்கதான முதலாளிகிட்ட சொல்லி என்னைய வேலைக்குச் சேத்துவிட்டீக? இப்ப மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தா எப்புடி? வண்டிய எடுங்க, பிள்ளைக ஸ்கூல் விட்டு வந்திருக்கும்" என்றாள் அவன் மனைவி.