மண்ணில் உட்கார்ந்தது நான்

பழைய கால்பந்து வீரர் பெலிக்ஸ் அண்ணனின் எழுபதாவது பிறந்தநாள் விழா. மைக்கைப் பிடித்த ரசிகர், "அந்த ஃபைனல்ல பந்தோட டான்ஸ் ஆடி, நம்ம தணிகாசலத்த ஏமாத்தி மண்ணுல உக்கார வச்சாரு பாருங்க!" என்றார். ஒரே விசில். அப்போது எதிர் டீமில் என்னோடு இருந்த தணிகாசலம் வேறு எழுந்து நின்று கும்பிட்டான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேடைக்கு முன்னால் போய்க் கத்தினேன். "யோவ், உக்காந்தது நான்யா! இவன் அன்னிக்கு ஆடவே இல்ல. வெளிய வாயப்பயம் தின்னுனு இருந்தான்."

"ஏன்டா, கீழ உயுந்ததுக்கெல்லாமா சண்ட போடுவ?" என்றான் தணிகாசலம்.

"பதினோரு வருசம் ஆடுனேன். என்னப் பத்திப் பேசறதுக்கு அது ஒண்ணுதான்டா கீது. அதையும் நீ எடுத்துக்கினா எப்டி?"

கூட்டம் சிரித்தது. பெலிக்ஸ் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, கைத்தடியை ஊன்றி மேடையிலிருந்து இறங்கி வந்தார். எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்தார். ஒரு தோளை மட்டும் லேசாகச் சாய்த்தார். தணிகாசலம் அப்படியே நின்றான். என் உடம்பு மொத்தமும் அந்தப் பக்கம் போய்விட்டது. நான் சமாளித்துத் திரும்புவதற்குள், கைத்தடியோடு மறுபக்கமாக என்னைத் தாண்டிப் போயிருந்தார்.