சிரிக்காத முயல்கள்

"காது குட்டையா வேணும்னா பூனையை வாங்கிக்கச் சொல்லுங்க. முயலுக்கு எதுக்கு வர்றாளாம்?"

பொம்மை பின்னும் குரோஷா ஊசியை ஆட்டி ஆட்டி மனைவி சொல்ல, எதிரே உட்கார்ந்திருந்த குமாஸ்தா போனில் டைப் அடித்தார்.

'தங்கள் நுட்பமான ரசனைக்கு எங்கள் வணக்கம். காதின் நீளத்தைக் குறைத்துத் தருகிறோம்.'

"அடிச்சீங்களா?"

"ஒரு எழுத்து விடாம" என்றவர், அனுப்பியதும் வழக்கம்போல் அதைத் தன் போனிலிருந்து அழித்தார்.

குமாஸ்தா, குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் முப்பது வருஷம் பதில் கடிதம் எழுதி ரிட்டயர் ஆனவர். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் இவர் கடிதம் வந்தாலே ஜனங்களுக்குத் தாகம் அடங்கிவிடும் என்று ஆபீஸில் கிண்டல் செய்வார்கள்.

மனைவிக்கோ கை பொன்னு, வாய் தேள். உல்லன் நூலில் பின்னும் பொம்மைகளை ஆன்லைனில் விற்க ஆரம்பித்து ஆறு மாதம். வருகிற மெசேஜைப் படித்துச் சொல்வதும், அவள் சொல்கிற பதிலை அடிப்பதும் இவர் வேலை.

'விற்பவரின் பணிவு மனதைத் தொட்டது' என்று ஒரு வாடிக்கையாளர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். படித்துக் காட்டும்போது குமாஸ்தா பணிவைத் துணிவு ஆக்கிவிட்டார்.

"பார்த்தீங்களா? கறாராப் பேசினாத்தான் மதிப்பு" என்றாள் மனைவி.

இப்போது வந்திருப்பவள் மட்டும் லேசுப்பட்டவள் இல்லை. மகளின் பிறந்தநாளுக்கு வருகிற குழந்தைகளுக்குக் கொடுக்க இருபத்தைந்து முயல் கேட்டிருந்தாள். போட்டோ அனுப்பினால், முதலில் காது நீளம் என்றாள். அப்புறம் வால் குண்டு. அப்புறம், 'மூக்கு ரோஜா நிறம் என்றேன், இது வெங்காய நிறம்.'

"கண்ணை டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க."

'வண்ணங்களை இவ்வளவு கூர்ந்து பார்ப்பவர்கள் அரிது. மாற்றித் தருகிறோம்.'

பிறகு மனைவியின் காலைக் கையைப் பிடித்து மூக்கை மாற்ற வைப்பது தனிக் கதை.

இவ்வளவு பாடு எதற்கு? மகன் வெளியூர் போனதிலிருந்து சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், இந்த ஆர்டர் வந்த நாளிலிருந்து காலையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பின்னுகிறாள். அந்தப் பாட்டு நின்றுவிடக் கூடாது. குமாஸ்தாவுக்கு அது ஒன்றுதான் கவலை.

விதி பல்வலி ரூபத்தில் வந்தது. பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போன அவசரத்தில் போனை வீட்டிலேயே வைத்துவிட்டார்.

திரும்பி வந்தால் மனைவி முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"அவ மெசேஜ் போட்டிருந்தா. நானே பதில் போட்டுட்டேன். மைக்கை அமுக்கிட்டுப் பேசினா அதுவே டைப் அடிக்குதுங்க. உங்களுக்கு இனிமே சிரமம் வேண்டாம்."

குமாஸ்தா போனைப் பிடுங்கிப் பார்த்தார்.

'முயல்கள் சிரிக்கவே இல்லை. எல்லாம் பரீட்சையில் பெயிலான மாதிரி இருக்கின்றன. சரிசெய்யாவிட்டால் ஆர்டர் வேண்டாம்.'

அதற்குக் கீழே இவள் பதில்.

'முயல் சிரிக்கணும்னா முதல்ல நீங்க கண்ணாடி முன்னாடி நின்னு சிரிச்சுப் பழகுங்க. இஷ்டம் இருந்தா வாங்குங்க, இல்லேன்னா நடையைக் கட்டுங்க.'

படித்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு வேறு.

குமாஸ்தா அப்படியே நாற்காலியில் சரிந்தார். வாயில் பஞ்சு. வாய்விட்டுப் புலம்பக்கூட வழியில்லை.

"எதுக்கு இப்படி முழிக்கிறீங்க? எப்பவும் சொல்றதைத்தானே சொன்னேன்?"

அதுவும் வாஸ்தவம்தான்.

அரை மணி நேரம் ஆயிற்று. பதில் இல்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. மேஜை மேல் இருபத்தைந்து முயலும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மனைவியின் ஊசி மெல்ல நின்றது.

"ஏங்க, இத்தனை நாளும் இப்படித்தானே பேசினேன். உடனே பதில் போடுவாளே. இன்னைக்கு ஏன் காணோம்?"

குமாஸ்தா ஒரு முயலின் காதை நீவிவிட்டார்.

"கூடுதலாப் பேசிட்டேனோ? இந்த ஆர்டர் போச்சுன்னா நான் ஊசியைத் தூக்கிப் பரண்ல போட்டுடுவேங்க. நமக்கு இதெல்லாம் சரிப்படாது." குரல் உடைந்தது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றது.

அவர் பஞ்சோடு ஏதோ சொன்னார். அவருக்கே புரியவில்லை.

அப்போது போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தவர், மனைவியிடமே நீட்டினார்.

'தங்கள் பதிலுக்கு நன்றி. உதட்டோரத்தில் ஒரு தையல் மேலே தூக்கிப் போட்டால் போதும். இன்னும் பத்து முயல் சேர்த்து அனுப்பவும்.'

மனைவி இரண்டு தரம் படித்தாள். மூன்றாம் தரம் படிக்கும்போது பழைய ஆளாகிவிட்டாள்.

"பார்த்தீங்களா? நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டதும் எப்படி வழிக்கு வந்துட்டா! சரி, ஒரு தையல்தானே, போட்டுட்டாப் போச்சு." நூல்கண்டு எடுக்க உள்ளே போனாள். பாட்டுச் சத்தம் கேட்டது.

குமாஸ்தாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்தத் திட்டுக்கா இந்தப் பதில்?

அதே எண்ணிலிருந்து இன்னொரு மெசேஜ் வந்தது.

'சார், நான் அவங்க வீட்டுக்காரர். நடையைப் பார்த்ததுமே இன்னைக்கு எழுதினது நீங்க இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. உங்க வீட்டுல இன்னைக்குச் சொன்னதை, மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்காங்கன்னு இங்கே படிச்சுக் காட்டிட்டேன். தயவுசெஞ்சு இனிமே போனை வச்சுட்டு எங்கேயும் போயிடாதீங்க. இதுவரைக்கும் உங்களுக்கு வந்த புகார் அத்தனையுமே, நான் பாதிக்குப் பாதி தண்ணி கலந்து அனுப்பினதுதான்.'